எச்சில் தம்ளர்

ஸ்ரீரங்கம், ஐப்பசி, சனிக்கிழமை.

சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்கார அதிகாரி கொடுத்த கனடா விஸ்கியை இவர் இன்று மத்தியானம் ரயில்வே ஆபீஸிலிருந்து கொண்டுவந்தார். வழக்கம்போல் தம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். புரையேறிக் கண்ணில் நீர் கொட்டியது. தலையில் தட்டினேன்.

"சிரிக்காதே. ஷெர்ரி ஒயினும் கலந்திருக்காம். நீயும் ருசி பாரேன்."

"ஐயோ, பெருமாளே!" என்றேன். ஆனால் வாசனை இழுத்தது, நெய்யில் வறுத்த திராட்சை மாதிரி. அண்ணாந்து குடிக்கப் பயந்து, உதடு வைத்தே உறிஞ்சினேன். தொண்டை எரிந்தது, பிறகு இனித்தது.

எச்சிலாகிவிட்டதே என்று அலம்பப் போனேன். கையைப் பிடித்துத் தம்ளரை வாங்கினார். குழந்தையின் எச்சில் பட்டாலே கையலம்புகிறவர், நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்தார்.

"இப்போ புரையேறலே, பாத்தியா?" என்றார்.

மற்றப் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று. அந்தத் தம்ளரை அலம்ப மட்டும் மனசு வரவில்லை.