முப்பதுக்கு மேல் காற்று வேண்டாம்

நவம்பர் 6, திங்கள்

இன்றைக்கும் விழுந்தேன். வாய்க்கால் கட்டின் மேல், போன மாதம் விழுந்த அதே இடத்தில். ஸ்கூட்டி என் மேல், நான் களிமண்ணின் மேல். தடுப்பூசிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு வருடம் மருத்துவமாதாகக் கர்ப்பிணிகளின் வீடு வீடாகப் போய் நான் கற்ற வித்தை இதுதான் - பெட்டி விழாமல் ஆள் மட்டும் விழுவது.

வீட்டில் என் புருஷன் நஸீம் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். வருடாந்த இடமாற்றப் படிவம். எல்லாக் கட்டங்களையும் தன்னுடைய உருண்டை எழுத்தில் அவரே நிரப்பியிருக்கிறார். என் கையொப்பம் மட்டும் பாக்கி.

“டவுனுக்குள்ள ஒரு இடத்தக் கேளு புள்ள. நாப்பத்திநாலு வயசில களிக்குள்ள உருளணும் எண்டு என்ன தலையெழுத்து?”

டிசம்பர் 29 கடைசி நாளாம். படிவத்தைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை?

நவம்பர் 8, புதன்

ஸ்கூட்டியை சவளக்கடைச் சந்தியில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனேன். வட்டைக்கு நடுவில் பதினொரு வீடுகள், சுற்றிவர வயல்தான். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். இப்படி நடந்தால் மற்ற வீடுகளை யார் பார்ப்பது?

அதில் ஒரு வீட்டில் தர்சினி; வயிற்றில் பிள்ளைக்கு முப்பதாவது கிழமை, ஏழு மாதம். பிரஷர் 130க்கு 90. டொக்டர் சொன்னது: பிரஷருக்கான குளிசையை விடக்கூடாது, மூன்று நாளைக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், டிசம்பர் 20 வார்டில் சேர வேண்டும். அதற்கு முன் வரமாட்டாளாம். மாமியார் படுத்த படுக்கை, அவவை யார் தூக்கி இருத்துவது என்று கேட்கிறாள்.

போன வருட மாரி மழையைப் பற்றி இங்கே நான் எழுதவேயில்லை. எழுதுகிறேன். நாலு நாள் விடாத மழை. கட்டின் மேல் ஸ்கூட்டி போகவில்லை. ‘பாதை வெள்ளம்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ஐந்தாம் நாள் போனபோது தர்சினியின் பிரஷர் 170. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளை அசையவில்லை.

இன்றைக்குப் பிரஷர் மெசினின் கைப்பட்டியைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “மழ கூடினாலும் வருவீங்களா மிஸ்?”

வருவேன் என்றேன். வாயால் சொல்வது லேசு.

நவம்பர் 11, சனி

பெற்றோல் இல்லாத வருடம் நஸீம் வாங்கிய சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த மவுண்டன் சைக்கிள். கல்முனையில் மலை எங்கே என்று அப்போது நான் கேலி பண்ணினேன். அதைத் தோளில் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிகிறது! ஸ்கூட்டியைத் தூக்க முடியுமா? தண்ணீர் ஓடும் இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு போகலாம்.

டயர் இரண்டும் மொட்டை.

நவம்பர் 12, ஞாயிறு

றஊபின் சைக்கிள் கடைக்குப் போனேன். இவ்வளவு தூரம் டயரைப் பற்றிக் கதைக்க இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாதையைச் சொன்னேன்: முதல் ஒரு கிலோமீற்றர் கிறவல், கல்லெல்லாம் கழன்று உருளும். அடுத்தது வாய்க்கால் கட்டு, முழுக்கக் களி. கடைசியில் வாய்க்கால் தண்ணி வழிகிற கல்லணை, பாசி பிடித்தது, மழை நாளில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும்.

றஊப் தலையைச் சொறிந்தான். டயர் மேலுள்ள புடைப்புகளுக்கு அவன் வைத்த பெயர் பட்டன். “ராத்தா, மூணு றோட்டுக்கு ஒரு டயர் கேக்கிறீங்க. கிறவலுக்கு நெருக்கமான சின்னப் பட்டன் நல்லம். அதக் களிக்குள்ள கொண்டு போனா அடச்சிரும், மறுகா அதுவும் மொட்ட டயர்தான். களிக்கு இந்தா, உசந்த பட்டன், இடவெளி கூட. சுத்தச் சுத்தக் களி தானாக் கழண்டு விழும். ஆனா கிறவல்ல இழுக்கும்.”

“பாசிக் கல்லுக்கு?”

“அதுக்கு றப்பர் மெதுவா, அமுங்கிற மாதிரி இருக்கணும். மெதுவான றப்பர் கெதியாத் தேயும், அடிக்கடி மாத்தணும்.”

அகலமானது நல்லதென்று நினைத்து ஒன்றைக் கையில் எடுத்தேன். வேண்டாம் என்றான், சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் களி அடைத்தால் சில்லு சுற்றாதாம்.

கடைசியில் நான் ஒன்றுதான் கேட்டேன்: எந்தச் சில்லு வழுக்கினால் ஆள் விழும்? முன் சில்லு. பின் சில்லு வழுக்கினால் தடுமாறும், விழாது. சரி, முன்னுக்கு மெதுவான றப்பர், உயர்ந்த பட்டன். பின்னுக்கு நெருக்கமான பட்டன். ஒரே வண்டிக்கு இரண்டு சாதி டயர். போட்டுத் தந்துவிட்டு றஊப் விரலை நீட்டிச் சொன்னான்: “முப்பதுக்கு மேல காத்து அடிக்க வேணாம் ராத்தா. அடிச்சா நான் தந்த டயருக்கு நான் பொறுப்பில்ல.”

நவம்பர் 14, செவ்வாய்

பிரஷர் எழுதுகிற அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் டயரின் காற்றையும் எழுதுகிறேன்.

35 - கல்லணையில் துள்ளுகிறது. இறங்கிவிட்டேன்.
28 - பிடிக்கிறது.
22 - கல்லில் சில்லின் வளையம் இடிக்கிறது.

பதினெட்டு நிமிடத்தில் போய்விட்டேன்! சீருடைக்குள் காற்சட்டை போட்டிருந்தேன். சவளக்கடைச் சந்தியில் இருந்தவர்கள் “மவுண்டன் மிஸ் போறா” என்றார்கள். போகிறேன்தான், என்ன இப்ப?

தர்சினி 130க்கு 88.

நவம்பர் 17, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் நஸீம் சைக்கிள் டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. காற்று இல்லாத வண்டியில் போகிறாயா என்று கத்தினார். இவர் இளவயதில் இரண்டு மூட்டை நெல்லைச் சைக்கிளில் கட்டி வட்டையிலிருந்து ஆலைக்கு மிதித்து உழக்கியவர். இன்றைக்கும் அந்த ஆலையில்தான் வேலை. அவரிடம் ஒரே சட்டம்: டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும், பெருவிரல் அமுங்கக் கூடாது. இந்த ஊரில் சைக்கிள் உழக்கிய அத்தனை பேருக்கும் அதுதான் சட்டம்.

“நான் நெல் மூட்டை கொண்டு போகல்ல” என்றேன்.

நானும் நாள் முழுக்கப் பெருவிரலால் அமுக்குகிறவள்தான். தர்சினியின் கணுக்காலில் அமுக்கினால் குழி விழக்கூடாது. டயரில் கொஞ்சம் விழ வேண்டும்.

நவம்பர் 30, வியாழன்

மழை. போனேன். 134க்கு 90. கால் வீக்கம் கொஞ்சம். விழவில்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

140க்கு 95. டொக்டருக்குப் போனில் சொன்னேன். குளிசையைக் கூட்டினார். இன்றைக்கே வார்டுக்கு வா என்று தர்சினியிடம் கெஞ்சினேன். “இன்னும் எட்டு நாள்தானே மிஸ்” என்கிறாள். எட்டு நாள் அவளுக்கு எட்டு. எனக்கு அப்படியில்லை.

டிசம்பர் 13, புதன்

இரண்டு நாளாக மழை விடவில்லை. நாளைக்குத் தர்சினி வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நஸீம் மறித்தார். படிவம் திரும்பவும் மேசைக்கு வந்தது. நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன்: “போன தரம் நான் இஞ்ச வீட்டில இருந்ததால ஒரு புள்ள மௌத்தாப் போச்சு. இந்தத் தரம் நான் போய் மௌத்தானாலும் பரவாயில்ல.”

அவர் எழும்பி வெளியே போனார். மழைக்குள் நின்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாசல் வரைக்கும் போனேன். கேட்கவில்லை.

டிசம்பர் 14, வியாழன், பின்னேரம்

ஆஸ்பத்திரி வாங்கிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுதினால் மனம் நிற்கும்.

காலையில் நான் எழும்பும்போது நஸீம் ஆலைக்குப் போய்விட்டார். சைக்கிள் வாசலில் நின்றது. சங்கிலி துடைத்து, பையை நனையாமல் பொலித்தீனால் கட்டி வைத்திருந்தார். கோபத்திலும் இவர் இப்படித்தான் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்காமல் ஏறிவிட்டேன்.

கிறவலில் கைபிடி உதறியது. மழையால் என்று நினைத்தேன். களிக் கட்டின் மேல் பின் சில்லு இரண்டு தடவை விலகியது. கல்லணையில் முன் சில்லு வழுக்கிப் போயே போய்விட்டது. நான் தண்ணீருக்குள், சைக்கிள் எனக்கு மேல், பை கல்லில் அடிபட்டது. பிரஷர் மெசினின் ஊசி அறுபதில் நின்றுவிட்டது, தட்டினாலும் அசையவில்லை. பதினெட்டு வருட வித்தை இன்றைக்குப் பலிக்கவில்லை.

டயரை அமுக்கினேன். கல்லு.

அவர்தான். இரவு பம்ப் பிடித்திருக்கிறார். என் மேல் உள்ள பிரியத்தை முழுக்க அந்த இரண்டு டயருக்குள் அடித்து வைத்திருக்கிறார். அல்லாஹ்வே, அந்த மனிசனை என்ன செய்ய! தண்ணிக்குள்ள இருந்து சத்தம் போட்டு ஏசினேன், கேட்க ஆளில்லை.

முக்காட்டிலிருந்து ஊசியைக் கழற்றி வால்வுக்குள் குத்திப் பிடித்தேன். பெருவிரல் அமுங்கும் வரைக்கும் காற்றை விட்டேன், இரண்டு சில்லிலும். முழங்கை கிழிந்திருந்தது. ஏறினேன். அதே கல்லணை, அதே பாசி - வண்டி பிடித்துக்கொண்டு போனது.

தர்சினி பாயில் சுருண்டு கிடந்தாள். “தலை பிளக்குது மிஸ். கண்ணுக்குள்ள மின்னுது.” கணுக்காலில் விரலை அமுக்கினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

மெசின் இல்லை. எண் இல்லாமல் என்ன சொல்வது? அளக்காமல் அனுப்பி, அங்கே ஒன்றுமில்லை என்றால்? அரை நிமிடம் யோசித்திருப்பேன். அந்த அரை நிமிடத்துக்காக இப்போதும் வெட்கமாக இருக்கிறது. விரல் சொன்னது போதும் என்று கந்தப்போடியருக்குப் போன் எடுத்தேன். பதினொரு வீட்டுக்கும் அவரிடம் மட்டும்தான் உழவு மெசின். “இந்தா வாறன் மகள்” என்றார், கேள்வி கேட்கவில்லை. தர்சினியின் புருஷன் சுபாஸ்கரன் தாயைப் பார்க்க நின்றுகொண்டார். உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் மெத்தை போட்டு, மேலே தறப்பாள் பிடித்து, அந்த மெசின் மட்டும் போகக்கூடிய வயல் வழியால் பெரிய றோட்டுக்கு ஏறிச் சுற்றிக்கொண்டு வந்தோம். வழி முழுக்கத் தர்சினி என் கையை விடவில்லை.

வார்டில் அளந்தார்கள். 180க்கு 115. உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

இன்னும் கதவு திறக்கவில்லை.

டிசம்பர் 15, வெள்ளி

பெண் பிள்ளை. ஒரு கிலோ தொள்ளாயிரம். அழுதது. தர்சினி கண் திறந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

டிசம்பர் 16, சனி

என் முழங்கையைப் பார்த்து நஸீம் கொதித்துப் போனார். “அந்த றஊப் உன்ன ஏமாத்திப் போட்டான். நான் காத்தெல்லாம் ஒழுங்கா அடிச்சுத்தானே வெச்சன்?” என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு றஊபின் கடைக்குச் சண்டைக்குப் போய்விட்டார். மறித்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒரு பக்கம் போகட்டும் என்றும் இருந்தது.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கதிரையில் இருந்தார். கையில் காற்று அளக்கிற சின்ன மீற்றர் ஒன்று. றஊப் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

“அறுபதுக்குக் கிட்ட அடிச்சிருப்பன்” என்றார். மீற்றரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான்தான் காரணமா புள்ள?”

“ஓம்.”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சாப்பிடவில்லை. எனக்குக் கோபமும் தீரவில்லை, பாவமாகவும் இருந்தது. ரெண்டும் சேந்து வந்தா மனிசி என்ன செய்யிற?

டிசம்பர் 27, புதன்

தர்சினி வீட்டுக்கு வந்துவிட்டாள், பிள்ளையோடு. இரண்டு கிலோ ஐம்பது. கால் வீக்கம் வற்றிவிட்டது. “வந்தீங்க மிஸ்” என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் 29, வெள்ளி

இழுப்பறையைத் திறந்தேன். படிவம் இல்லை.

இன்றைக்குக் கடைசி நாள். என் பெயரைப் போட்டு அவரே கொடுத்துவிட்டாரா? என் கையொப்பம் அவருக்கு நன்றாக வரும், எங்கள் பிள்ளை படித்த காலத்தில் பள்ளிக்கூடக் கடிதத்துக்கெல்லாம் அதை அவர்தான் போட்டவர். நான் விழுந்த நாளுக்குப் பிறகு மனிதர் சரியாகப் பேசவும் இல்லை. பயந்திருப்பார். பயந்த ஆள் எதையும் செய்வார்.

கேட்கலாம். கேட்டு, ஓம் என்று சொல்லிவிட்டால்? முன் சில்லு விலகின நேரம் வந்த அதே பயம்தான். கேட்கவில்லை.

ஜனவரி 3, புதன்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெளியே வந்து பார்த்தால் நஸீம் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். முன் டயரில் மீற்றரை வைத்துப் பார்த்தார். பிறகு பெருவிரலால் அமுக்கினார். அமுங்கியது. முகம் சுளித்தார், ஆனாலும் பம்பை எடுக்கவில்லை.

“இருபத்தெட்டு நிக்குது. மழ கூட எண்டா இன்னும் கொஞ்சம் இறக்கணும் எண்டான் றஊப். இறக்கட்டா?”

கிட்டப் போனேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருந்தார். சீமெந்து நிலத்தில் கறை பிடிக்காமல் கீழே ஒரு தாளை விரித்திருந்தார். எண்ணெய்ச் சொட்டுகளுக்கு நடுவில் உருண்டை எழுத்தில் என் பெயர். கையொப்பம் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். எழும்பிக் கையைத் துணியில் துடைத்தார்.

“வெளிக்கிடு புள்ள, நேரமாகுது. தர்சினிட புள்ளய இண்டைக்குத்தானே நிறுக்கணும்?”