குங்குமம் இட்டுக்கொண்டதற்காக நீக்கப்பட்ட நர்ஸ் மாணவி

அனுப்புநர்:
கோமளம்மாள்,
காலஞ்சென்ற பள்ளி ஆசிரியர் ஸ்ரீனிவாசராகவன் அவர்களின் மனைவி,
சன்னிதித் தெரு, திருக்கழுக்குன்றம்.

பெறுநர்:
ஜில்லா மெடிகல் ஆபீசர் அவர்கள்,
செங்கற்பட்டு.

பொருள்: அலர்மேலு தர்ம ஆஸ்பத்திரி நர்ஸிங் பள்ளியின் இறுதி வருஷ மாணவி காமு, வைத்தியப் பரிசோதனையின்றி வெளியேற்றப்பட்டது, பரிசோதித்து மீண்டும் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காமு என் தம்பி உப்பிலியின் மகள். பெற்றோரை இழந்து, சிறு பெண்ணாக என்னிடம் வந்தாள். எங்கள் தெருவிலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் அவள். அப்போது பழித்துப் பேசியவர்களே இப்போது ஆறுதல் சொல்ல வருகிறார்கள். வாசற்கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

2. சென்ற வருஷம், விடுதிச் சாப்பாட்டுச் செலவையாவது தானே ஏற்க விரும்பிப் பகுதி நேர வேலை தேடினாள். ஒரு பிரசவ விடுதியில் இரவு ஆயா வேலை கிடைத்தது. மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவாள் என்று மறுத்தேன். ஒரு மிராசுதாரர் வீட்டில் படுக்கையிலிருந்த மூதாட்டியைக் கவனிக்க அழைத்தார்கள். மேற்பார்க்க வைத்தியர் இல்லாத இடத்தில் அவள் வேலைக்காரியாகிவிடுவாள், கற்றுக்கொள்ள ஒன்றுமிராது. மூன்றாவது, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் டாக்டர் தாவீது அவர்கள் ஞாயிறுதோறும் நடத்தும் குஷ்டரோகச் சிகிச்சை முகாமில் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் வேலை. வகுப்பு கெடாது, பக்கத்தில் டாக்டர் இருப்பார், கை பழகும். காமு அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். நானும் சம்மதித்தேன்.

3. பள்ளியின் மேட்ரன் அம்மாளை நானே கண்டு, நோயின் பெயரையும் சொல்லி அனுமதி கேட்டேன். "தாராளமா போவட்டும், நல்ல பழக்கம்தான்" என்றார். கான்வென்டில் படித்த எனக்குப் பள்ளித் தலைவியின் வாய்ச்சொல்லே கையொப்பம். எழுத்தில் கேட்கத் தோன்றவில்லை.

4. சென்ற மாசி மகம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடற்கரையில் தீர்த்தவாரிக் கூட்டம், முகாமும் நடந்தது. வேர்வையில் காமுவின் பொட்டு அழிந்திருந்தது. அவளிடம் வெகு நாளாகக் கட்டுப்போட்டுக்கொள்ளும் வேண்டா என்ற மீனவப் பெண், "நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியா போறியே கண்ணு" என்று தன் விரலால் குங்குமம் இட்டாள். விரல் என்று எழுதிவிட்டேன். அதில் எஞ்சியிருந்ததைக் கொண்டு இட்டாள் என்பதே சரி. காமு தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டாள். சுமங்கலி இட்ட குங்குமத்தை அழிக்கலாகாது என்று சொல்லி வளர்த்தவள் நான். அந்தப் பொட்டுடனேயே விடுதிக்குத் திரும்பினாள்.

5. யார் இட்டது என்று சமையற்காரி எல்லம்மாள் கேட்க, உள்ளதைச் சொன்னாள். "இன்னாமே, அந்தக் கையாலயா வச்சிகினு வந்தே? தட்ட எடுத்துகினு அப்பால போ" என்று எல்லார் முன்பும் விரட்டப்பட்டாள். மறுநாள் மற்றப் பெண்கள் அவளருகே உட்கார மறுத்தார்கள். சிலருடைய பெற்றோர் வந்து சத்தமிட்டார்கள். அந்த வாரமே சீருடையை வாங்கிக்கொண்டு, சுகாதாரக் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த வைத்தியரும் அவளைப் பார்க்கவில்லை. வேண்டாவின் நோய் மருந்தால் அடங்கியது, அவள் தொட்டால் ஒன்றும் வராது என்று சொல்லப் போன டாக்டர் தாவீதை உள்ளே விடவில்லை. அனுமதி கொடுத்ததாகவே தமக்கு நினைவில்லை என்கிறார் மேட்ரன் அம்மாள்.

6. இந்தப் பாராவை எழுதலாமா என்று வெகு நேரம் யோசித்தேன். காமு இப்போது கொல்லையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறாள். பொட்டு வைப்பதில்லை. இவ்வீட்டில் குங்குமமில்லாத நெற்றி ஒன்று போதும் என்று சொல்லிப் பார்த்தேன். போன வாரம் நான் ஜுரத்தில் கிடந்தபோது கஞ்சியை அறை வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றாள். கிட்டே வா என்று கையை நீட்டினேன். "வேண்டாம் அத்தை, தொடாதேங்கோ. அவா சொல்றது ஒருவேளை நிஜமா இருந்துட்டா?" என்றாள். அந்த நோயைப் பற்றிப் படித்தவள், வெறுப்பில்லாமல் அத்தனை பேருக்குக் கட்டுப்போட்டவள், தன் உடம்பைக் கண்டே அஞ்சுகிறாள். அவள் படிப்பைப் பறித்ததைவிட இதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

7. இறுதிப் பரீட்சை நெருங்குகிறது. தாங்கள் காமுவைப் பரிசோதித்து, நோயில்லை என்று கண்டால் பரீட்சைக்கு முன் அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட வேண்டும். பரிசோதனை அந்தப் பள்ளியிலேயே, மேட்ரன் அம்மாளும் மாணவிகளும் நிற்கும் இடத்தில் நடக்கட்டும். இன்னும் ஒன்று, இதை உத்தரவாகப் போட முடியாது என்று அறிவேன், ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: கையுறை அணியாமல், தங்கள் வெறும் கையாலேயே அவள் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மற்றவர்கள் பார்க்காவிட்டாலும் காமு அதைப் பார்க்க வேண்டும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கோமளம்மாள்

இடம்: திருக்கழுக்குன்றம்
தேதி: 19-3-1956