பிரம்புக் குழி

1994 ஆனி, வெள்ளி.

குவைத்திலிருந்து லீவில் வந்த எதிர்வீட்டுப் பூமணி, அங்கே வேலை செய்யும் என் மனைவியின் சேதி கொண்டுவந்தாள்.

"மச்சான், பழைய கதிரையக் குடுத்திட்டு பிளாஸ்டிக் வாங்கட்டாம். பழசெல்லாம் போகட்டாம்."

"என்னையுமோ புள்ள?"

"உங்கள ஆரு வாங்குவா?"

நியாயம்தான். வீடும் தளபாடமும் மனைவியின் சீதனம். நான் பிறகு வந்த சாமான்.

பூமணி வீட்டுப் பிளாஸ்டிக் கதிரை, சுற்றிவளைப்புக்கு வந்த ஆமிக்காரன் அதில் குந்தியதும் கதிரைக் கால் பிளந்து அவன் விழுந்தான். என்ன செய்வானோ என்று வீடே நடுங்கிப்போனது. எங்கள் பிரம்பு பின்னிய முதிரை மரக் கதிரை யாருக்கும் அசையாது. ஆனால் மனைவி இருந்து இருந்து பிரம்பில் விழுந்த குழி இன்னும் நிமிரவில்லை. அதற்குள் இருந்துதான் எழுதுகிறேன். எனக்குக் குழி கொஞ்சம் அகலம். இதை அவளிடம் சொல்லக்கூடாது.

"ஆள் வந்ததும் கதிரையக் குடுக்கிறன் எண்டு சொல்லு" என்று பூமணியிடம் சொல்லிவிட்டேன்.

வாங்க வரும் ஆளா, குழிக்குரிய ஆளா என்று என் மனைவிக்கு விளங்கும்.