குத்துப்பட்டது தம்பி

ஜனவரி 14, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக ஹீட்டர் குழாயில் கை வைத்துப் பார்த்தேன். மணி ஐந்தரை. வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் மாலை ஆறிலிருந்து எட்டு வரைதான். கேப்டன் பண்டெலிஸின் சட்டம். விடியலில் எப்படிச் சூடு? கேட்டுக்கொள்ளவில்லை. பாதங்களைக் குழாயில் ஒட்டிக்கொண்டு காபி குடித்தேன்.

கேப்டன் முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். பத்தொன்பது வருடமாக இந்த ஆறு மாடிக்கு நிர்வாகி. கப்பல் இல்லாத குறையை எங்களை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார். லிஃப்டில் புது அறிவிப்பு: “குளிர் என்பது மனநிலை.” எல்லா வீட்டுக்கும் ஒரே பாய்லர்; அதன் சாவி அவர் தம்பி தோதோரிஸிடம். உத்தரவு அண்ணனுடையது, திருகுவது தம்பி.

பேட்டை நூலகத்தில் நான் பேச வேண்டும், பிப்ரவரி 6. தலைப்பு: ‘கொடுங்கோலனைக் கொல்வது அறமா?’ இருபது வருடமாகப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறேன். கொன்றவன் எவனையும் நேரில் பார்த்ததில்லை. தைரியமாகப் பேசலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

கட்டடத்தின் புத்தாண்டு கேக் இன்றுதான் வெட்டினோம். உள்ளே ஒரு காசு வைத்துச் சுடுவார்கள்; யார் துண்டில் வருகிறதோ அவருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம். கேக்கைக் கீழ்க்கூடத்துக்கு ஒரு பெண் சுமந்து வர வேண்டும். இந்த முறை என் தங்கை லெமோனியாவைத் தோதோரிஸே வந்து கூப்பிட்டிருந்தான். புதுச் சட்டை வாங்கினாள். மாடிப்படியில் அவனே தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“வேணாம்மா, வேற யாராவது தூக்கட்டும். விவாகரத்து ஆனவங்க கை பட்டா வருஷத்துக்கே ஆகாதுன்னு அண்ணன் சொல்றாரு.”

சொன்னது அண்ணன். ஆனால் எனக்குத் தெரிந்தது தட்டைப் பிடுங்கிய கைதான். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, இரண்டாவது வீட்டுக்கு, பிறகு மாடி வாரியாக. லெமோனியா மேலே போய்ப் படுத்துவிட்டாள். அவள் துண்டையும் நானே தின்றேன். அதிலும் காசு இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மூன்றாம் மாடிப் பல் டாக்டர் லிகுர்கோஸ் கதவைத் தட்டினார். “டீச்சர், இந்தாளத் தூக்கிடணும். அஞ்சாவது மாடி ரினியோவோட கைக்குழந்தை நெஞ்சுச்சளியில தவிக்குது. இந்தாளு மனநிலைங்கறாரு!”

ஞாயிறு பொதுக்கூட்டம். கேப்டன் தன் பச்சைக் கணக்கு நோட்டைத் திறந்து கூட்டத்தைத் தொடங்கியதும் டாக்டர் எழுந்து நிர்வாகியை நீக்கும் தீர்மானத்தைச் சொல்வார். அடுத்து நான் எழுந்து ஆதரிப்பேன். அந்தக் காலத்தில் கொடுங்கோலனைக் கொல்லப் போனவர்கள் மலர்க்கிளைக்குள் கத்தியை மறைத்துப் போனார்கள். எங்கள் கத்தி தீர்மானம் எழுதி நாலாக மடித்த காகிதம், என் கைப்பைக்குள், இருமல் மருந்துக்குப் பக்கத்தில்.

ஜனவரி 23, வியாழன்

வகுப்பில் அதே பாடம். ஏதென்ஸை ஆண்ட ஹிப்பியாஸின் தம்பி ஹிப்பார்க்கஸ், ஹார்மோதியஸின் தங்கையை ஊர்வலத்தில் கூடை சுமக்கக் கூப்பிட்டு, தகுதியில்லை என்று திருப்பி அனுப்புகிறான். ஹார்மோதியஸும் நண்பனும் ஹிப்பியாஸைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். குறித்த நாளில் தங்கள் கூட்டாளி ஒருவன் ஹிப்பியாஸோடு சிரித்துப் பேசுவதைப் பார்க்கிறார்கள். காட்டிக்கொடுத்துவிட்டான் என்று பதறி ஓடி, கிடைத்த தம்பியைக் குத்துகிறார்கள். அண்ணன் இன்னும் நாலு வருடம் இன்னும் கொடூரமாக ஆண்டான். குத்தியவர்களுக்குச் சிலை.

பொலிக்சேனி கேட்டாள்: “டீச்சர், வீட்டுச் சண்டைதானே இது? எதுக்குச் சிலை?”

எல்லோரும் சிரித்தார்கள். “அவசரக்குடுக்கைங்க!” என்று நானும் சிரித்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

என்ன செய்தேன்?

கூட்டத்துக்கு இறங்கினேன். லிஃப்ட் பக்கத்தில் கேப்டனும் லிகுர்கோஸும். கேப்டன் கை டாக்டர் தோளில். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். போச்சு, விலைபோயிட்டான் — அப்படித்தான் தோன்றியது. கூடத்துக்குள் ஓடினேன். பச்சை நோட்டு திறக்கவேயில்லை. பக்கத்தில் தோதோரிஸ் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கைகாட்டிக் கத்தினேன்:

“இவரக் கேளுங்க! தினம் விடியக்காலை அஞ்சு மணிக்குப் பாய்லர் ரூமுக்குப் போறாரு. ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கேன். நாமெல்லாம் நடுங்குறோம், இவரு திருட்டுத்தனமா தன் வீட்டுக்கு மட்டும் சூடு ஏத்திக்கிறாரு!”

கூடம் கொதித்துவிட்டது. அவனிடம் சாவி இருக்கக் கூடாது என்று முதலில் கை தூக்கியது கேப்டன்தான். தம்பி நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கடைசி நாற்காலியையும் விரித்துப் போட்டுவிட்டுப் போனான்.

கைப்பைக் காகிதம் கைப்பையிலேயே இருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

லெமோனியா ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். “கேக் தட்டுக்குப் பதிலடியாக்கா?” என்றாள். பொதுநலம் என்றேன்.

ஜனவரி 30, வியாழன்

லிகுர்கோஸ் பொரிந்து தள்ளினார். “ஏன் டீச்சர் அவசரம்? அந்தாளோட பல்செட்டு பீன்ஸ் சூப்புல விழுந்துடுச்சாம், அந்தக் கதையச் சொன்னாரு. சிரிக்காம என்ன பண்றது?”

சாவி இப்போது கேப்டனிடம். புது அறிவிப்பு: ஹீட்டர் ஒரு மணி நேரம் மட்டும், ‘அண்மைக் களவு காரணமாக’. ஆனாலும் இரண்டாம் மாடி எனக்குத் தேன் பலகாரம் கொடுத்தனுப்பியது. “நீங்கதான் டீச்சர் வாயத் திறந்தீங்க.” முதல் சிலை.

பிப்ரவரி 4, செவ்வாய்

லிஃப்டில் ரினியோ. குழந்தை சால்வைக்குள், மூச்சில் விசில்.

“முன்னாடி விடியக்காலைல ஒரு அரை மணி நேரம் ஹீட்டர் வரும் டீச்சர். புள்ளைக்கு அப்பதான் இருமல் அதிகம். தோதோரிஸ் கிட்டதான் அழுதேன். ‘அண்ணனுக்குத் தெரிய வேணாம்’னாரு. இப்ப நின்னுபோச்சு. நேத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.”

அன்று அவள் கூட்டத்துக்கு வரவில்லை. குழந்தையோடு இருந்திருக்கிறாள். யார் நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் மாடி வந்ததும் இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பேசினேன். கொடுங்கோலனைக் கொன்றவன் குற்றமற்றவன் என்று ஏதென்ஸ்காரர்கள் கல்லிலேயே சட்டம் வெட்டிவைத்தார்கள் என்றேன். தப்பான ஆளைக் கொன்றவனைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு வரியும் இல்லை. அதைச் சொல்லவில்லை. நல்ல கைதட்டல். முன்வரிசையில் கேப்டன், எழுந்து நின்று தட்டினார். “கொடுங்கோலனுங்கள விடவே கூடாது டீச்சர்!”

பிப்ரவரி 7, வெள்ளி

எழுந்ததும் குழாயில் கை வைத்தேன். பனிக்கட்டி.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஜனவரி 14: வெதுவெதுப்பாக இருந்தது. என் கையெழுத்துதான். என் குழாய். என் பாதம். அப்படியிருக்க ‘தன் வீட்டுக்கு மட்டும்’ என்று சொன்னேனே, அந்த ‘மட்டும்’ எங்கேருந்து வந்துச்சு? தெரியாமலா சொன்னே? தெரியும்டி உனக்கு. தட்டைப் பிடுங்கினான்ல, அதுக்குத்தானே. ஹார்மோதியஸாவது பதற்றத்தில் குத்தினான்.

ஞாயிறு மறுபடி கூட்டம். எனக்கு நன்றி சொல்லப்போகிறார்களாம். கேப்டன் ஏற்பாடு. லெமோனியா என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்கிறாள், “என்னக்கா பேசப்போற?” ஏதாவது சொல்வேன் என்றேன்.

எதுவும் பேசப்போவதில்லை. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கி, ரினியோவையும் கூடத்தில் உட்காரவைத்து, ஜனவரி 14-ஐ வாசிக்கப்போகிறேன். பிறகு இந்தப் பக்கத்தை.