வண்டியோடு வந்தவை

வாசலில் நின்றபடியே ரப்பர் ஹாரனை இரண்டு முறை அழுத்தி என்னைக் கூப்பிடும் என் நைனாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பூந்தமல்லியில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் யுத்தத்தால் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. உங்கள் மோட்டார் வண்டி கொட்டகையில் செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. கான்வாஸ் கூரையில் எலி ஒரு ஓட்டை போட்டிருக்கிறது.

எனக்குத் திருநின்றவூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார் சித்தப்பா. மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை. அவருடைய அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நேரே கொட்டகைக்குப் போனார். நீங்கள் இந்த வண்டியை முதன்முதலாக ஓட்டி வந்த அன்று ரோட்டோரம் நின்று பார்த்தவராம். அன்றிலிருந்து ஆசையாம்.

"வண்டி வந்தப்போ இன்னா இன்னா இருந்துதோ அத்தினியும் இருக்கணும். அப்பால சொருவுனது ஒண்ணும் வாணாம், கயட்டிடுங்க. பொண்ணும் வண்டியும் ஒண்ணா வந்து எறங்கட்டும்" என்றார். சித்தப்பா தலையாட்டினார். வண்டியோடு வந்த பொருள்களின் பட்டியல் தயாரானதும் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு.

பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. என்னை அனுப்பி வைப்பதற்கான வேலையை நானே செய்ய வேண்டியிருக்கிறது, நைனா. ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்புவதாக நீங்கள் சொல்லியிருந்ததைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அண்ணன் இருந்தா அனுப்பியிருப்பாரு" என்றார்.

அதனால் மெதுவாகச் செய்தேன். இஞ்சின் பக்கத்திலிருக்கும் பித்தளைத் தகட்டில், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நீங்கள் அப்பிய சந்தனமும் குங்குமமும் ஓடு கட்டியிருந்தன. புளி கரைத்துத் தேய்த்து அடியிலிருந்த மாடல் எண்ணைப் படிக்கவே மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டில் கரையான் தின்றது போக மிஞ்சியதில் அந்த எண்ணுக்குரிய பக்கம் தப்பியிருந்தது. விளக்குகள், ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் துடைத்து எழுதினேன்.

"இன்னாடி, லிஸ்ட்டு எய்தறியா, ஊரு சரித்திரம் எய்தறியா?" என்று சித்தப்பா தினமும் எட்டிப் பார்த்தார்.

உங்கள் ரப்பர் ஹாரன் வண்டியோடு வந்ததில்லையாமே. நீங்கள் பிற்பாடு வாங்கி மாட்டியது. கழற்றும்போது என் கை பட்டு ஒரு முறை கூப்பிட்டது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் பக்கத் திரைகள். கண்ணாடிக்குப் பதில் மைக்கா பதித்த ஜன்னலோடு நான்கு கான்வாஸ் திரைகள். அவற்றை மழைக்கு மட்டும் மாட்ட வேண்டும், மற்ற நேரத்தில் மடித்துப் பின் சீட்டுக்கு அடியிலுள்ள பையில் வைக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பின் சீட்டைத் தூக்கினேன். பை அங்கேயே காலியாக இருந்தது. கம்பெனியில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

நம் வீட்டில் அந்தத் திரைகள் மழைக்கா இருந்தன? பெண்கள் ஏறும் வண்டி என்று வந்த அன்றே மாட்டினீர்கள். பித்தளைப் பொத்தான்கள் பச்சை பூத்து இறுகியே போய்விட்டன. கொரட்டூர் ஏரி எனக்குப் பழுத்த மைக்கா வழியே தெரிந்த மஞ்சள் தண்ணீர். அம்மா கடைசிவரை அதை மஞ்சளாகவே பார்த்துவிட்டுப் போனாள். திறந்த வண்டியை வாங்கி, எங்களை உள்ளே வைத்துப் பொத்தான் போட்டீர்களே. முதல் தடவையாக உங்கள்மேல் கோபம் வந்தது. இல்லாதவரிடம் கோபித்துக்கொண்டு எங்கே போவது?

கடைசியாகப் பெடல்கள். கிளச்சிலும் பிரேக்கிலும் தேக்குக் கட்டைகள் திருகப்பட்டிருந்தன. கையேட்டில் அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் வண்டியை எப்போதும் பழுது பார்க்கும் சிங்காரம் மேஸ்திரி இப்போது ஆவடியில் ராணுவ லாரிகளோடு மல்லுக்கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தவரைக் கேட்டேன்.

"நான்தான் வச்சேன் பாப்பா. உங்க நைனா சொன்னாரு."

"அவருக்கு எதுக்குக் கட்டை?"

"அவுருக்கு எதுக்கு? ஒட்டகங்கணக்கா காலு!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உன் செருப்ப துண்டுல சுத்தி எத்துகினு வந்தாரு. 'இந்தக் காலு எட்டணும்டா சிங்காரம், யாராண்டயும் சொல்லாத'ன்னாரு. அந்த வாரமே படுத்துட்டாரு. நான் இன்னாத்த சொல்றது?"

என் செருப்பு ஒருநாள் காணாமல் போய் மறுநாள் வந்ததே, நினைவிருக்கிறதா? நாய்மேல் பழி போட்டோம். நீங்களும் சேர்ந்து அந்த நாயைத் திட்டினீர்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை, நைனா? சித்தப்பாவுக்குப் பயந்தா, ஊருக்கா? பொத்தான் போட்டதும் நீங்கள்தான், கட்டை வைக்கச் சொன்னதும் நீங்கள்தான் என்றால், நான் எதை நம்புவது?

மேஸ்திரி போன பிறகு ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தேன். கால் எட்டியது. கிளச்சை அழுத்தி விட்டேன். வண்டி செங்கல்மேல் அப்படியே நின்றது. கொட்டகைக் கதவும் சாத்தியிருந்தது. ஆனாலும் எட்டியது.

பட்டியலை எழுதி முடித்துவிட்டேன். எதையும் ஒளிக்கவில்லை. பொத்தான்களுக்கு எண்ணெய் விட்டுத் திறந்து, திரைகளை மடித்துப் பையில் வைத்தாயிற்று. கட்டைகளை நானே கழற்றி, ஹாரனோடு என் பெட்டியில் போட்டுக்கொண்டேன். வண்டி இப்போது வந்த அன்று இருந்தபடி, நாலு பக்கமும் திறந்து நிற்கிறது. திருநின்றவூர்க்காரர் கேட்டது இதைத்தான். கொண்டுபோகட்டும்.

நாளைக் காலை பட்டியலைச் சித்தப்பா கையில் கொடுப்பேன். கத்துவார். என்னை அறையில் வைத்துப் பூட்டினாலும் பூட்டுவார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்கும்போது சொல்லிவிடுவேன், உங்கள்மேல் சத்தியமாக: "வண்டியோட வந்ததெல்லாம் இதுல இருக்கு சித்தப்பா. நான் அதோட வந்தவ இல்ல."

இப்படிக்கு,
நீங்கள் கால் அளவெடுத்த மகள்