வீட்டுக்கு முன் தேக்கடி

ராஜபாளையம்,
7.2.1990

அன்புள்ள மகன் வைகுண்டராஜுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ நலம் என்பதை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. புனே ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதங்களில் இதில்தான் வரிகள் சாயாமல் நேராக நிற்கின்றன. கடைசியில் "வாரேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு நேற்று மதியச் சாப்பாடு எனக்கு ஒழுங்காக இறங்கியது.

"தெருவே வாசலில் கூடி என் காலைப் பார்க்கும், அதற்குப் பதில் இங்கேயே கிடக்கிறேன்" என்று முன்பு எழுதினாய். நீ சொன்னது சரிதான். ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக வருவார்கள். உன்னைக் கண்டதும் முந்தானையை வாயில் பொத்தி அழுவார்கள். அழுது முடித்துக் காபி குடிப்பார்கள். ஆகவே நாம் நேரே வீட்டுக்கு வரப்போவதில்லை.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு வந்துவிடு. அப்பாவின் பியட் காரோடு நான் வந்திருப்பேன். தேனி, கம்பம் வழியாகத் தேக்கடி. அங்கே படகில் உட்கார்ந்தபடியே யானைக் கூட்டத்தைப் பார்க்கலாம். பிறகு மலையிறங்கி ஆலப்புழை, கோவளம். திருச்செந்தூரும் கன்னியாகுமரியும் இந்த முறை வேண்டாம். இலங்கைப் பக்கக் கடலை நீ போதுமான அளவு பார்த்துவிட்டாய். மேற்கே தண்ணீரும் வானமும்தான். திரும்பும்போது ஆரியங்காவு, செங்கோட்டை.

இடது காலால் கிளட்ச்சை மிதிக்க முடியாதே என்று கவலைப்பட்டிருக்கிறாய். அதை நான் மிதித்துக்கொள்கிறேன். நீ வரைபடத்தைப் பார்த்து வழி சொல். டிரைவர் வைத்துக்கொள்ளும்படி உன் சித்தப்பா நச்சரிக்கிறார். டிரைவர் இருந்தால் நீயும் நானும் என்ன பேச முடியும்?

மலைப் பாதைக்குக் கை பழக வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்பு வரை ஓட்டிப் பார்த்தேன். மம்சாபுரத்தில் மாட்டுவண்டி ஒன்று வழியை மறித்து நின்றது. டீக்கடையில் இருந்த ஒருவன், "ஏலே, ஒதுக்கிப் போடு! ஆச்சி வாராவ, ஏத்திப்புடுவாவ" என்று கத்தினான். ஆச்சியாம்! கான்வென்ட் வளர்ப்பு, வாயில் வசவு வரவில்லை. ஹாரனை அழுத்தினேன். செண்பகத்தோப்பில் வனக்காவலர் காருக்குள் எட்டிப் பார்த்து, "டிரைவரை எங்கம்மா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "எம்மா! அம்புட்டு தூரமும் நீங்களாவா வந்திய?" என்று வியந்தவர், மரத்தின் மேலே கையைக் காட்டினார். சாம்பல் நிற அணில் ஒன்று, பூனை அளவு இருக்கும், வாலை வீசி அடுத்த மரத்துக்குத் தாவியது. அதையும் பயணத்தில் சேர்த்துவிட்டேன்.

ஆவுடையம்மாள் அத்தையின் கதையைச் சொல்ல வேண்டும். உன் கால் பிழைத்தால் வெள்ளியில் கால் செய்து போடுவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். கீழே எடுக்க வேண்டியிருந்தாலும் முழங்காலைக் காப்பாற்றிவிட்டோம் என்று டாக்டர் எழுதியதும், ஓடிப்போய்ப் போட்டும் விட்டாள். எந்தக் கால் என்று கடைக்காரன் கேட்டதற்கு, இவள் தன் காலைத் தொட்டுப் பார்த்து வலது கால் என்றாளாம். உனக்கு அடிபட்டது இடது காலாயிற்றே என்றேன். "போவட்டும் மதினி. இருக்குற காலையாச்சும் ஆத்தா பத்திரமாப் பாத்துக்கிடட்டும்" என்கிறாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

ஹோட்டல்களுக்கு எழுதிவிட்டேன். எல்லா இடத்திலும் கீழ்த்தள அறைதான். மாடிப் படிகள் ஈரமாக இருக்கும் என்று காரணம் எழுதினேன். ரயில் ஏறும் தேதியை மட்டும் நீ தந்தி அடி.

ஸ்டேஷன் வாசலில் காரின் அருகே நிற்பேன். பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு நீயே நடந்து வா. நான் ஓடிவந்து கையைப் பிடிக்க மாட்டேன். புதுக் கால் பழக நாளாகும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆண்டவன் துணையிருப்பான். எவ்வளவு மெதுவாக வந்தாலும் சரி, எனக்கு அன்று வேறு வேலை எதுவும் இல்லை.

உன் அன்பு அம்மா,
பரிபூரணம்