கைதட்டியவள்

லிகாயாவுக்கு,

குழந்தை இயேசு திருவிழாவன்று, நாலு பேர் முன்னால் வாயே திறக்காத நீ, கரோக்கி மைக்கைப் பிடுங்கிப் பாடினாய். முதலில் கைதட்டியவள் நான்தான். "இப்பதான்டி நம்ம வீட்டுப் பொண்ணு! இத்தன நாளா ஊமக்கோட்டானாட்டம் இருந்தியே!" என்றேன்.

போதைக்காக நீ இருமல் மருந்தைப் புட்டி புட்டியாகக் குடித்திருந்தாய். முப்பதாண்டுகள் வேதியியல் கற்பித்த நானோ, உன் மூச்சில் வீசிய செர்ரி வாசனையை மிட்டாய் என்று நினைத்தேன்.

மறுவாழ்வு இல்லத்தில், "பெரியம்மாவுக்குக் குடிச்சிருக்கிற என்னத்தான் பிடிக்கும், அவங்க வர வேணாம்" என்றாயாம். மறுக்க என்னிடம் சான்றில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழி அடோபோ குழம்புடன் வருகிறேன். நீ பேச வேண்டியதில்லை. பார்க்கவே மறுத்தால், வாயிலில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அடுத்த ஞாயிறும் வருவேன்.

பெரியம்மா